வெளிநாட்டுப் பட்டம் பக்கத்து ஊரில்: ஓரிக்கைப் பிள்ளைகள் சேருமுன் கேட்க வேண்டியவை

வெளிநாடு போகாமலே வெளிநாட்டுப் பட்டம் வாங்கலாம் என்ற பேச்சு இப்போது காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை வரை வந்துவிட்டது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டீக்கின், வொல்லங்காங் பல்கலைக்கழகங்கள் 2024இல் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் வகுப்புகளைத் தொடங்கின. பிரிட்டனின் சவுத்தாம்டன் 2025இல் குருகிராமில் வளாகம் திறந்தது. லிவர்பூல் பெங்களூரையும், யார்க், பிரிஸ்டல் இரண்டும் மும்பையையும் தேர்ந்தெடுத்துள்ளன. வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா பல்கலைக்கழகம் மும்பையோடு சென்னையிலும் வளாகம் அமைக்கும் திட்டத்தை அறிவித்திருக்கிறது. பாலாற்றங்கரையில் இருக்கும் ஒரு வீட்டுக்குச் சென்னை எட்டாத தொலைவு இல்லை. ஆகவே இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக் கூடத்திலும் எழும்: சேர்க்கலாமா, வேண்டாமா?

தறி ஓடும் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் அம்மா அப்பாவுக்கும் எழுதுகிறேன். பட்டு எடுக்க வருகிறவர் கடையின் பெயரைப் பார்ப்பார். நெய்கிற வீட்டார் சரிகையை உரசிப் பார்ப்பார்கள். படிப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சான்றிதழில் அச்சாகும் பெயருக்காகப் பணம் கட்டாதீர்கள். அந்த வளாகத்தில், அந்த ஆண்டில், உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் படிப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

ஆசியாவின் அனுபவம் என்ன சொல்கிறது?

நமக்கு இது புதிதாகத் தெரியலாம். தமிழர்களுக்கு இது பழைய கதை. இலங்கையில் 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 வரை மாணவர்களை லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கே தயார் செய்தது. 1990இல் கொழும்பில் தொடங்கிய ஐஐடி என்ற தனியார் நிறுவனம் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிப்பு நடத்துகிறது. (நம் ஊர் ஐஐடிகளோடு அதற்குத் தொடர்பில்லை.) மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கு இன அடிப்படையிலான ஒதுக்கீடு 2002 வரை இருந்ததால் சீன, தமிழ்ப் பிள்ளைகள் பலர் தனியார் கல்லூரிகளை நாடினார்கள். 1997 நிதி நெருக்கடியில் ரிங்கிட் சரிந்ததும், மூன்று ஆண்டும் மலேசியாவிலேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கும் ஏற்பாடு அங்கே பரவியது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் 1998இலும் பிரிட்டனின் நாட்டிங்காம் 2000இலும் அங்கே வளாகம் திறந்தன.

இப்படிப் படித்தவர்கள் என்ன நினைக்கிறார்கள்? இரண்டு ஆய்வுகள் இரண்டு பக்கத்தையும் காட்டுகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தின் கிளை வளாகங்களைப் பற்றி ஸ்டீபன் வில்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் பெரும்பாலும் திருப்தியாகவே இருந்தார்கள். ஹாங்காங்கில் பிரிட்டிஷ் பட்டம் படித்தவர்களை ஜோஹன்னா வாட்டர்ஸும் மேகி லியுங்கும் ஆராய்ந்தார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காததால் அந்தப் படிப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் பலர். முழுமையான வளாக வாழ்க்கை இல்லை, உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அமையும் நட்பும் தொடர்புகளும் இல்லை என்ற குறை அவர்களிடம் இருந்தது.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஹாங்காங்கிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் வெளிநாட்டுப் பட்டம் வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் இடப் பற்றாக்குறை. நம் நிலைமை வேறு. 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம்; நாட்டின் சராசரி 28.4 சதவீதம். இங்கே கல்லூரியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே வெளிநாட்டு வளாகத்துக்குப் பல மடங்கு பணம் கட்டுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்: உள்ளூரில் கிடைக்காத தரமான ஒன்று அங்கே கிடைக்க வேண்டும். அது என்ன என்று பெயர் சொல்லிக் காட்ட முடியாவிட்டால் சேர வேண்டாம்.

மூன்று நம்பிக்கைகளைச் சரிபாருங்கள்

ஒன்று, "தாய் வளாகத்துப் பட்டமும் இந்தப் பட்டமும் ஒன்றே." சட்டப்படி பெரும்பாலும் சரி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2023 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, இங்குள்ள வளாகம் தரும் பட்டம் தாய் வளாகப் பட்டத்துக்குச் சமமாகக் கருதப்பட வேண்டும். ஆனால் பட்டம் சமம் என்பதால் படிப்பும் சமமாகிவிடாது. நூலகம், ஆய்வகம், பேராசிரியர், உடன் படிப்பவர் எல்லாம் சேர்ந்ததுதான் படிப்பு. நூறாண்டு பழகிய வளாகத்தில் இருப்பவை எல்லாம், வாடகைக் கட்டடத்தில் தொடங்கும் புது வளாகத்தில் முதல் ஆண்டே இருக்க வாய்ப்பில்லை.

இரண்டு, "அங்கே போவதைவிடச் செலவு குறைவு." உண்மை. ஆனால் இந்த ஒப்பீட்டை மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டும். லண்டனோடு ஒப்பிட்டால் மலிவாகத் தெரிவது, கிண்டிப் பொறியியல் கல்லூரியோடு ஒப்பிட்டால் எப்படித் தெரிகிறது?

மூன்று, "இதை முடித்தால் அந்த நாட்டில் வேலை." பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். பிரிட்டனின் கிராஜுவேட் விசா, அந்த நாட்டில் தங்கிப் படித்தவர்களுக்கு உரியது. ஆஸ்திரேலியாவின் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவுக்கும் அந்த மண்ணில் குறைந்தது இரண்டு கல்வியாண்டுப் படிப்பு வேண்டும். குருகிராமிலோ கிஃப்ட் சிட்டியிலோ முழுப் படிப்பையும் முடித்தவருக்குப் பட்டத்தின் பெயரை வைத்து இந்த விசா கிடைக்காது. இடையில் ஓராண்டு தாய் வளாகத்துக்கு மாறலாம் என்று சொல்வார்கள். மாறும் ஆண்டுக்கு எந்தக் கட்டணம், எத்தனை பேருக்கு இடம், விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எல்லா வெளிநாட்டுப் பட்டமும் ஒரே வகை அல்ல

விளம்பரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதல் வகை, கிளை வளாகம். பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது. யுஜிசியின் 2023 விதியின்கீழ் வருபவை ஒரு பிரிவு. கிஃப்ட் சிட்டியில் இருப்பவை ஐஎஃப்எஸ்சிஏ என்ற தனி ஆணையத்தின் கீழ் வருகின்றன. எந்த ஆணையத்தின் அனுமதி, எந்தப் படிப்புக்கு அனுமதி என்று இரண்டையும் பாருங்கள்.

இரண்டாம் வகை, இந்தியப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் கூட்டாக நடத்துவது. யுஜிசியின் 2022 விதிகள் இதை ட்வின்னிங், கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என்று மூன்றாகப் பிரிக்கின்றன. ட்வின்னிங்கில் வெளிநாட்டில் படிக்கும் பகுதி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பட்டம் தருவது இந்தியக் கல்வி நிறுவனம். கையில் கிடைக்கப்போவது ஒரு சான்றிதழா, இரண்டா, அதில் யார் பெயர் என்று கேளுங்கள்.

மூன்றாம் வகை, உரிமம் வாங்கி வேறு யாரோ நடத்துவது. ஏதோ ஒரு மையம், ஒரு செயலி, நடுவில் ஒரு கம்பெனி. பட்டம் மட்டும் வெளிநாட்டுப் பெயரில் வரும். யுஜிசி இந்த ஏற்பாட்டை ஏற்பதில்லை. அனுமதியில்லாத கூட்டில் கொடுக்கப்படும் பட்டம் செல்லாது என்று 2023 டிசம்பரிலேயே எச்சரித்துவிட்டது. வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலை வழங்குவது பற்றி 2025 ஏப்ரலில் வந்த விதிகளும் இதையே சொல்கின்றன. இந்த வகை என்று தெரிந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வகை, முழுக்க ஆன்லைன் அல்லது தொலைநிலைப் படிப்பு. வேலையில் இருப்பவருக்கு இது உதவலாம். பதினேழு வயதில், படிக்கும் பழக்கமும் நண்பர் வட்டமும் உருவாக வேண்டிய நேரத்தில், முதல் பட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டம், மருத்துவம், கட்டடக்கலை போன்ற தொழிற்படிப்புகளுக்கு யுஜிசியின் சமநிலை போதாது. பார் கவுன்சில், தேசிய மருத்துவ ஆணையம், கட்டடக்கலைக் கவுன்சில் ஆகியவற்றின் விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

பணக் கணக்கு

சவுத்தாம்டனின் குருகிராம் வளாகம் இளநிலைப் படிப்புக்கு அறிவித்த கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் ரூபாய். மூன்று ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 40 லட்சம். விடுதி, சாப்பாடு, ரயில் செலவு தனி.

40 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு வாங்கி 15 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 43,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியையும் சேர்த்தால் இன்னும் கூடும். முதல் வேலையில் கைக்கு வரும் சம்பளத்தில் இவ்வளவு போனால் மீதி எவ்வளவு என்பதைப் பிள்ளையே பேனா எடுத்து எழுதிப் பார்க்கட்டும்.

கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். நம் ஊரில் ஈடு என்றால் வீட்டுப் பத்திரம். நெசவாளர் வீட்டில் தறி நிற்பதும் அந்த வீட்டுக்குள்தான். வீட்டை அடகு வைப்பவர் தொழிற்கூடத்தையும் சேர்த்தே வைக்கிறார். கடன் தவறினால் குடியிருப்பும் பிழைப்பும் ஒன்றாக ஆட்டம் காணும். படித்த பிள்ளைக்கு உடனே வேலை கிடைக்காத ஓராண்டைத் தறிக்கூலியால் தாங்க முடியுமா என்று கேட்டுப் பார்த்த பிறகே பத்திரத்தை எடுங்கள்.

விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பொறியியல் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வெளிநாட்டு வளாகத்தில் சேர்ந்தால் இவற்றில் எவை நிற்கும், எவை போகும் என்று பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன், தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு உரியது. புது வளாகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை தருபவர் எதைப் பார்க்கிறார்?

ஓரிக்கைப் பிள்ளைக்குப் பக்கத்து வேலைச் சந்தை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய், ஃபாக்ஸ்கான், சாம்சங் போன்றவை அங்கேதான் இருக்கின்றன. அதைத் தாண்டினால் சென்னையின் ஐடி கம்பெனிகளும் பன்னாட்டு நிறுவனங்களின் அலுவலகங்களும். இப்படிப்பட்ட நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும் பெரிய வழி கேம்பஸ் இன்டர்வியூ. ஏற்கெனவே நல்லவர்கள் கிடைத்த கல்லூரிக்குத்தான் மறுபடி போவார்கள். புது வளாகத்தின் முதல் அணிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முன்னால் போய் இடம் பிடித்து வைத்த அண்ணன், அக்கா யாரும் இல்லை. ஆகவே உலகத் தரவரிசையைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கேளுங்கள்: இந்த வளாகத்துக்கு வந்து ஆள் எடுத்த கம்பெனிகள் எவை, எந்தப் பணிக்கு, எத்தனை பேரை?

அரசு வேலைக் கனவு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. அதன்படி பட்டத் தகுதி கேட்கும் பணிக்குப் பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். எந்த ஆங்கிலவழிக் கல்லூரியில் சேர்ந்தாலும் இந்த உரிமை போகும். பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்த பிள்ளை இதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

வளாகம் மூடிவிட்டால்?

பெரிய பெயர் இருந்தால் மூடாது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007இல் சிங்கப்பூரில் வளாகம் திறந்தது. எதிர்பார்த்த அளவு மாணவர்கள் சேராததால் முதல் பருவத்தோடு அதே ஆண்டில் மூடியது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குக் கத்தாரில் உள்ள வளாகத்தை 2028க்குள் மூடுவதென்று அதன் நிர்வாகக் குழு 2024இல் முடிவு செய்தது.

யுஜிசி விதியில் இதற்குப் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் படிப்பையோ வளாகத்தையோ நிறுத்தக்கூடாது. நின்றுபோனால் மாணவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்வது தாய் நிறுவனத்தின் பொறுப்பு. அந்த மாற்று ஏற்பாடு வேறு நாட்டில் என்றால் அதன் செலவு யாருடையது? சேரும்போதே இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சேருமுன் கேட்க வேண்டிய பத்து

1. அனுமதிக் கடிதம் யாருடையது, எந்தத் தேதியிட்டது? யுஜிசி அல்லது ஐஎஃப்எஸ்சிஏ தளத்தில் இந்த வளாகத்தின் பெயர் இருக்கிறதா?
2. சான்றிதழில் பட்டம் தரும் நிறுவனமாக யார் பெயர் வரும்?
3. இந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியர்கள் யார், இங்கே எவ்வளவு காலம் இருப்பார்கள்?
4. ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள்?
5. ஆய்வகமும் நூலகமும் இப்போது இருக்கின்றனவா, இனி வருமா?
6. ஆங்கிலத்தில் எழுதப் பயிற்சி தருகிறார்களா? அடிப்படை ஆண்டு என்று ஒன்று இருந்தால் அதற்குத் தனிக் கட்டணமா?
7. மூன்று ஆண்டுக்குமான மொத்தக் கட்டணம் எவ்வளவு? ஆண்டுதோறும் உயருமா?
8. இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும்?
9. உதவித்தொகை முதல் ஆண்டுக்கு மட்டுமா, கடைசி வரையா? மதிப்பெண் குறைந்தால் நிற்குமா?
10. இப்போது படிக்கும் மாணவர் இருவரிடம், நிர்வாகத்தார் யாரும் பக்கத்தில் இல்லாமல் பேச முடியுமா?

மூன்றாவது கேள்வியை அழுத்திக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து நியமிக்கப்படும் ஆசிரியர் குறைந்தது ஒரு பருவமாவது இங்கே தங்க வேண்டும் என்பது யுஜிசி விதி. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற மாணவர் கர்நாடகத்திலிருந்து நம் காஞ்சியில் இருந்த கடிகை என்ற கல்விச்சாலைக்குப் படிக்க வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கிறது. அன்று ஆசிரியர் இருந்த இடத்தைத் தேடி மாணவர் வந்தார். இன்று பல்கலைக்கழகம் மாணவரைத் தேடி வருகிறது. கூடவே ஆசிரியரும் வருகிறாரா என்பதுதான் படிப்பின் தரத்தைத் தீர்மானிக்கும்.

இந்தக் கேள்விகளைக் கன்சல்டன்சியிடம் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சேர்க்கைக்குக் கமிஷன் வாங்குபவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. யுஜிசி விதியின்கீழ் வரும் வளாகம், சேர்க்கை தொடங்குவதற்கு 60 நாள் முன்பே கட்டணமும் பணம் திரும்பும் விதியும் அடங்கிய கையேட்டை இணையத்தில் வைக்க வேண்டும். அதை எடுத்து அச்சடித்து, பள்ளி ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

முழு உதவித்தொகையோ பெரும்பகுதி உதவித்தொகையோ கிடைத்தவர், தமிழ்நாட்டில் கிடைக்காத பாடத்தைத் தேடுபவர், கடனில்லாமல் கட்டக்கூடிய குடும்பம்: இவர்களுக்கு வெளிநாட்டு வளாகம் நல்ல வாய்ப்பு. தயங்காமல் விண்ணப்பியுங்கள். புது வளாகங்கள் நல்ல மாணவர்களை ஈர்க்க விரும்பும். உதவித்தொகை கேட்பதற்கு இது ஏற்ற காலம்.

வீட்டை ஈடு வைத்துத்தான் சேர முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு வேறு வழி இருக்கிறது. முதல் பட்டத்தை இங்கே நன்றாக முடியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத் துறைகளோ, நல்ல அரசுக் கல்லூரியோ, நெசவுப் பின்னணி உள்ள பிள்ளைக்குச் ஆடை வடிவமைப்பு கற்றுத்தரும் சென்னை நிஃப்டோ சேலத்துக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமோ பொருந்தலாம். சென்னை ஐஐடியின் டேட்டா சயன்ஸ் பிஎஸ் படிப்பை ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதாமலே, அவர்கள் நடத்தும் தகுதிச் சுற்றில் தேறிச் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

வெளிநாட்டை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த நாட்டிலேயே தங்கிப் படிப்பதால் வேலை விசாவுக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் உதவுகிறது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் இருந்தால், எந்தச் சமூகத்தவரும் பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்குப் போட்டியிடலாம். ஓராண்டு முதுகலையின் முழுச் செலவையும் அது ஏற்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. வாழ்க்கைச் செலவுக்கான தொகையை மட்டும் முன்கூட்டியே வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இந்த மாதமே செய்யுங்கள்

பத்துக் கேள்விகளையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்தில் பதில் வராத வளாகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வங்கிக்கு நேரில் போய், ஈடு, வட்டி, தவணை மூன்றையும் எழுதி வாங்குங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தை எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடாதீர்கள். அந்த இடம் கையில் இருந்தால்தான் பேரம் பேசும் தைரியம் வரும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. கணக்கைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். தறிக்கூலி எவ்வளவு வருகிறது, வீட்டுக் கடன் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் சரியாகத் தேர்ந்தெடுக்கும். பிள்ளைகளே, "அங்கே படித்தால் எனக்கு என்ன கிடைக்கும்" என்பதை நான்கு வரியில் தமிழில் எழுதி அப்பா அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அந்த நான்கு வரியில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர வேறு ஏதாவது உருப்படியாக இருந்தால் துணிந்து சேருங்கள். இல்லையென்றால் உள்ளூரில் கிடைத்த இடத்தில் சேர்ந்து முழு மனதோடு படியுங்கள். வெளிநாடு முதுகலைக்குக் காத்திருக்கும்.